கரடிப்பாறையில் இரண்டு பூஜ்ஜியம்

போன மாதம் திருப்பதி ஆபீஸிலிருந்து ஒரு போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்த இரண்டு பெண்கள் பேசினார்கள். பழைய பறவைக் கணக்கெடுப்புப் படிவங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம்.

"மேடம், கரடிப்பாறை படிவத்துல ஒரு சந்தேகம். குறிப்புங்கிற கட்டத்துல 'தம்பி பேசவில்லை'ன்னு உங்க கையெழுத்துல இருக்கு. தம்பிங்கிறது எந்தப் பறவைக்கு லோக்கல் பேரு?"

எனக்குச் சிரிப்பு அடங்க நேரமானது. அது பறவை இல்லை, என் கூடப் பிறந்த தம்பி முருகேசன் என்று சொன்னேன். அந்தப் பக்கம் இரண்டு பேரும் தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி, "அப்போ அதை எந்த இடத்துல டைப் பண்றது மேடம்?" என்று கேட்டாள். நடந்ததை எழுதி அனுப்புகிறேன், படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள் என்றேன். எழுத உட்கார்ந்தால் கை நிற்கவில்லை.

என் பெயர் தேசம்மாள். சத்தியவேடு பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. எங்கள் நைனா கடைசிவரை அடுத்தவர் நிலத்தில்தான் ஏர் ஓட்டினார். நான் இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்து டைப்ரைட்டிங் பாஸ் செய்தேன். பஸ் கண்டக்டர் ஏகாம்பரத்தைக் கட்டிக்கொண்டு திருப்பதிக்கு வந்தேன். ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் டைப்பிஸ்ட் வேண்டும் என்று பேப்பர் ஒட்டியிருந்தது. போர்டில் ஒரு பறவைப் படம். ஏதோ கோழிப்பண்ணை ஆபீஸ் என்று நினைத்துத்தான் படி ஏறினேன்.

மேலே நாற்காலியில் ஒரு வெள்ளைக்கார அம்மா, சர்க்கரையோ பாலோ இல்லாத டீயைக் குடித்தபடி உட்கார்ந்திருந்தார். பெயர் ஹில்டா. இங்கிலாந்திலிருந்து வந்த பணத்தில் நடந்த சின்ன பறவைப் பாதுகாப்பு அமைப்பு அது. இரண்டு வருஷத்துக்கு என்று வந்தவர் பதினொரு வருஷம் இருந்துவிட்டார். தெலுங்கைப் புத்தகம் வைத்துக் கற்றவர், தமிழை என்னிடம் கற்றார். அதனால் அவருடைய தெலுங்கு பேப்பரில் எழுதுகிற மாதிரியும், தமிழ் எங்கள் ஊர்க் குழாயடி மாதிரியும் இருக்கும். "இன்னா தேசம்மா, ரெடியா?" என்று அவர் கேட்டால் பாத்திரக் கடைக்காரர் கீழே குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்.

ஆறு மாதம் டைப் மட்டும் அடித்தேன். அப்புறம் களப்பணிக்குப் போகிறவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வேறு ஆள் இல்லாமல் மேடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் எழுதிய முதல் படிவம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. காக்கா மூன்று, கிளி இரண்டு, பழுப்பு பதினொன்று. மேடம் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "பழுப்பு"க்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் கோபம். அந்தக் கேள்விக்குறிக்குப் பயந்தே இரண்டு வருஷத்தில் நூற்றுச் சொச்சம் பறவைகளின் குரலைப் படித்துவிட்டேன்.

படிப்பு நடந்த இடம் திருமலை அடிவாரத்தில் இருக்கிற அலிபிரி. மலையேறுகிற ஜனம் விடியலில் "கோவிந்தா, கோவிந்தா" என்று போய்க்கொண்டே இருக்கும். நடைபாதையிலிருந்து விலகிக் காட்டோரமாக நிற்போம். "கோவிந்தாவைக் கழிச்சுடு. மிச்சம் இன்னா இருக்குதோ அதை எழுது" என்பார் மேடம். முதலில் எனக்கு கோவிந்தா மட்டும்தான் கேட்டது. எட்டு மாதம் கழித்து ஒருநாள், ஒரு பெரிய கும்பல் கத்திக்கொண்டு போன பிறகு, "இப்ப போனாங்களே, அவங்களுக்கு நடுவுல ஒரு தையல்சிட்டு கத்துச்சு மேடம், முப்பது மீட்டர்" என்றேன். மேடம் தன் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார்.

வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். இப்போது மரத்தில் ஒரு பெட்டியைக் கட்டிவிட்டு வந்தால் அதுவே கேட்டு அதுவே பதிவு செய்துவிடுகிறது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பெட்டியை எறும்பு கடித்தால் பெட்டி கத்தாது. நாங்கள் போன காலத்தில் சூரியன் எழுந்த கால் மணிக்குள் முதல் இடத்தில் நிற்க வேண்டும். போனதும் எழுதக் கூடாது. நாம் நடந்து வந்த சத்தத்துக்கு அஞ்சிய பறவைகள் சமாதானம் ஆகிறவரை இரண்டு நிமிஷம் சும்மா நிற்க வேண்டும். பிறகு பத்து நிமிஷம் எழுத வேண்டும். கண்ணால் பார்த்தது தனி, காதால் கேட்டது தனி, எத்தனை மீட்டர் தூரம் என்பது தனி. பேனா கூடாது, பனியில் மை பரவும், பென்சில்தான். காற்று எப்படி, வண்டி, மெஷின் சத்தம் எப்படி என்று தனிக் கட்டங்கள் உண்டு. கடைசிக் கட்டம் குறிப்பு. அதில் அன்றைக்கு நம் காதைக் கெடுக்கக்கூடியது எதுவானாலும் எழுத வேண்டும். ஜலதோஷம், பல்வலி, வீட்டில் சண்டை, எதுவானாலும்.

"வீட்டுச் சண்டை எதுக்கு மேடம்?"

"சண்டை போட்டுட்டு வந்தா உன் காதுல சண்டைதானே கேக்கும்?"

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று உண்டு. பறவை இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது, பூஜ்ஜியம் போட வேண்டும். காலிக் கட்டம் என்றால் நீ அங்கே போகவே இல்லை என்று அர்த்தம், பூஜ்ஜியம் என்றால் போனாய், கேட்டாய், இல்லை என்று அர்த்தம் என்பார். அவர் நாட்டில் தபால்காரரும் வாத்தியாரும் ரொட்டிக்கடைக்காரரும்கூட வருஷா வருஷம் ஒரே இடத்தில் நின்று சும்மா, சம்பளம் இல்லாமல், பறவை எண்ணுவார்களாம். அவர்களுடைய பூஜ்ஜியங்களை வைத்துத்தான் எந்தப் பறவை எங்கே குறைகிறது என்று கண்டுபிடித்தார்களாம்.

இனி கரடிப்பாறை.

பங்காருபாளையத்திலிருந்து உள்ளே போனால் ஒரு தனிக் குன்று. தென்புறத்தில் ஏற்கெனவே கிரானைட் குவாரி ஓடிக்கொண்டிருந்தது. வடபுறத்தில் ஒரு சின்னப் பள்ளம், பாறை வெடிப்புகளில் வேர்விட்ட கல்லத்தி மரங்கள், கோடையிலும் கசிகிற ஒரு ஊற்று. குவாரிக்காரர்கள் வடபுறத்தையும் கேட்டு மனு போட்டிருந்தார்கள். அங்கே மஞ்சள்தொண்டைச் சின்னான் இருப்பதாக யாரோ ஆட்சேபம் எழுப்பினார்கள். தெலுங்குக்காரர்கள் கொண்ட பிகிலி என்று சொல்கிற குருவி அது. நம் தென்னிந்தியப் பாறை மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மலைகள் உடைபட உடைபட அதற்கு இடம் குறைந்துகொண்டே வருகிறது. இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லும்படி சப்-கலெக்டர் ஆபீஸ் எங்களைக் கேட்டது. இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை பார்க்க வேண்டும். மேடம் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்.

கொடுத்தபோதே சொல்லிவிட்டேன். "மேடம், என் தம்பி அந்தக் குவாரியில கம்ப்ரசர் ஆபரேட்டர்."

அவர் யோசித்தார். "அப்போ எல்லாரும் உன் படிவத்தை ரெண்டு தடவை படிப்பாங்க. நல்லதுதான்" என்றார்.

முருகேசன் என்னைவிட ஆறு வயது சின்னவன். சத்தியவேட்டில் கூலி வேலையில் ஆரம்பித்து, குவாரியில் கல் சுமந்து, மெல்ல மெல்ல மெஷினைக் கற்றுக்கொண்டு ஆபரேட்டர் ஆனவன். எங்கள் குடும்பத்தில் மெஷின் ஓட்டி வேலை செய்த முதல் ஆள். பங்காருபாளையத்தில் வாடகை வீட்டில் இருந்தான்.

முதல் முறை போனபோது எட்டு இடத்தில் நின்றேன். தென்புறத்திலிருந்து, பாறையில் துளை போடுகிற கம்ப்ரசரின் சத்தம் மலையைத் தாண்டி வந்து பல்லைக் கூசவைத்தது. வெண்புருவச் சின்னான் கேட்டது, மயில் கேட்டது. மஞ்சள்தொண்டை இல்லை. பூஜ்ஜியம்.

அடிவாரத்தில் சுப்பிரமணியம் நாயுடு நின்றிருந்தார். வடபுறத்துக்குக் கீழே அவருடைய மாந்தோப்பு. குவாரித் தூசி பூவிலேயே படிந்து பிஞ்சு பிடிப்பதில்லை என்று மனு மேல் மனு போட்டவர் அவர்தான். கையில் ஒரு பை பங்கனபள்ளி மாம்பழம்.

"ஏமம்மா, கனிபிச்சிந்தா?" தென்பட்டதா என்று கேட்கிறார்.

"லேதண்டி" என்றேன். இல்லை.

அவர் முகம் வாடியது. பிறகு தணிந்த குரலில், எனக்காகத் தமிழுக்கு மாறி, "ஒண்ணே ஒண்ணு எழுதுமா. யார் போய்ப் பார்க்கப் போறாங்க? உனக்கும் மலை காப்பாத்தணும்னுதானே ஆசை?" என்றார்.

ஆசைதான். அதை எப்படி இல்லை என்று சொல்வது? "அடுத்த தடவை பார்க்கலாங்க" என்று சொல்லிவிட்டு மாம்பழத்தை வாங்காமல் வந்தேன். அந்த வாசனை பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்த மாதிரி இருந்தது.

மத்தியானம் தம்பி வீட்டில் சாப்பாடு. அவனுக்கோ ஏகச் சந்தோஷம்.

"பூஜ்ஜியமா? சூப்பர்க்கா. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கினு நல்லா துன்னு. மிச்சம் ரெண்டு வாட்டியும் அதே எழ்திடு."

"இருந்தா இருக்குதுன்னுதாண்டா எழுதுவேன்."

"தெற்கால கல்லு இன்னும் எவ்ளோ நாளு வரும்னு தெரியல்லக்கா. வடக்கால குடுக்கலைன்னா மூடிடுவாங்க. நாப்பது பேர். அப்புறம் நானு ஸ்ரீ சிட்டில போயி ஏதோ ஒரு கம்பெனி கேட்டாண்ட வாட்ச்மேனா விசில் ஊதிக்கினு நிக்கணும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அவன் பெண்டாட்டி சிரிக்கவில்லை.

இரண்டாம் முறையும் மெஷின் சத்தம். நான்காவது இடத்தில், கல்லத்திக்குப் பக்கத்தில், சத்தத்துக்கு அடியில் ஏதோ ஒரு குரல் துள்ளிவிட்டு மறைந்தது. அதுதானா? வெண்புருவமும் கிட்டத்தட்ட அப்படித்தான் கத்தும். பத்து நிமிஷத்தில் மீதி ஏழு நிமிஷமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுபடி வரவில்லை. பென்சிலைக் கட்டத்தின் மேல் வைத்தேன், எடுத்தேன். இரண்டு பேருமே என் காதில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காதில் நாயுடு, ஒரு காதில் தம்பி. கடைசியில் பூஜ்ஜியம் போட்டேன். குறிப்பில், "கேட்ட மாதிரி இருந்தது, உறுதி இல்லை" என்று எழுதினேன். அன்றைக்கு நாயுடு என்னைப் பார்த்ததும் தோப்புக்குள் போய்விட்டார்.

ஆபீஸுக்கு வந்து மேடத்திடம் கேட்டேன். "பறவையைக் காப்பாத்தத்தானே இருக்கோம்? இப்படியே எழுதினா மலை போயிடாதா?"

"போகலாம்" என்றார். "ஆனா ஒரு தடவை நாம இல்லாததை எழுதினது தெரிஞ்சா, அப்புறம் எந்த மலைக்கும் நம்ம பேச்சு எடுபடாது." அன்றைக்கு அவரும் டீயைக் குடிக்காமல் ஆறவிட்டுவிட்டார்.

மூன்றாம் முறை. வண்டியை விட்டு இறங்கியதுமே ஏதோ வித்தியாசமாகப் பட்டது. எல்லாமே கேட்டது. இலை அசைவது கேட்டது, தூரத்தில் நாயுடு தோப்பு மோட்டார் கேட்டது. கம்ப்ரசர் ஓடவில்லை. சத்தம் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். நான்காவது இடத்துக்குப் போய் இரண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை, கல்லத்தி மேலிருந்து கொழகொழவென்று தண்ணீர் ஊற்றுகிற மாதிரி அந்தக் குரல் வந்தது. பைனாகுலரைத் தூக்கினேன். சாம்பல் உடம்பு, எலுமிச்சைப் பழம் மாதிரி தொண்டை, வாலின் நுனியில் மஞ்சள் தொட்டு வைத்திருந்தது. பின்னாலேயே இன்னொன்று. அதன் அலகில் ஒரு பச்சைப் புழு. தின்னாமல் அப்படியே கவ்விக்கொண்டு பாறைச் சந்துக்குள் போனது. அப்படியானால் உள்ளே குஞ்சுகள்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம். எழுந்திருக்கும்போதுதான் தம்பி ஞாபகம் வந்தது.

அவன் கீழே டீக்கடையில் காத்திருந்தான். கையெல்லாம் கிரீஸ்.

"இன்னாக்கா, கெட்ச்சுதா?"

"கெடைச்சுதுடா. ரெண்டு. உள்ள குஞ்சும் இருக்குது."

டீ கிளாஸைப் பலகை மேல் வைத்தான். பாதி டீ இருந்தது. ஒன்றும் பேசாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு நான் போன் செய்தால் அவன் பெண்டாட்டிதான் எடுத்தாள்.

அடுத்த மாதம் எல்லாரும் கூடி மலையைப் பார்வையிட வந்தார்கள். சப்-கலெக்டர், வனத்துறை, சுரங்கத்துறை, குவாரி மேனேஜர், நாயுடுவோடு ஊர்க்காரர்கள், குவாரி ஆட்கள். அன்றைக்குக் காலையிலும் நான் வழக்கம்போல ஒரு படிவம் எடுத்தேன். குறிப்பில் 'தம்பி பேசவில்லை' என்று எழுதினேன், அதைத்தான் அந்தப் பெண்கள் படித்தார்கள். பொய்யில்லை. என் காது அன்றைக்குப் பாதிதான் வேலை செய்தது.

மேனேஜர் நேராக விஷயத்துக்கு வந்தார். "ரெண்டு தடவை இல்லாத பறவை மூணாவது தடவை எப்படி சார் வரும்? இந்தம்மாவை ஊர்க்காரங்க கையில போட்டுக்கிட்டாங்க. போன்ல அந்தப் பறவைக் குரலைப் போட்டுக் கேட்டுட்டு எழுதியிருப்பாங்க. பொய் ரிப்போர்ட்."

என் முகம் எரிந்தது. பையிலிருந்து படிவங்களை எடுத்தேன். ஹில்டா மேடம் மட்டும் பதற்றமே இல்லாமல், "எல்லாரும் ரெண்டு நிமிஷம் பேசாம நிக்கலாமா? கேட்டுப் பார்ப்போம்" என்றார். அத்தனை பேரும் கல்லத்தியைப் பார்த்தபடி நின்றார்கள். அரை நிமிஷத்தில் ஒரு மயில் அகவியது. ஒரு நிமிஷத்தில் சுரங்கத்துறைக்காரர் போனில் சுப்ரபாதம் பாடியது. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சின்னான் வரவில்லை.

சப்-கலெக்டர் இளவயதுக்காரர். படிவங்களை வாங்கிப் புரட்டினார். "முதல் ரெண்டு நாளும் பூஜ்ஜியம் எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"பொய் எழுதுறவங்களா இருந்தா முதல் நாளே எழுதியிருப்பீங்களே?" என்று தனக்குத் தானே கேட்பது போலச் சொன்னார். பிறகு விரலை ஒரு கட்டத்தில் வைத்தார். "பூஜ்ஜியம் வந்த ரெண்டு நாளும் சத்தம் 'அதிகம்'. பறவை வந்த நாள் சத்தம் 'இல்லை'. அன்னைக்கு மெஷின் ஓடலையா?"

மேனேஜர், "தினமும் ஓடும் சார், ஒரு நாள்கூட நின்னதில்லை" என்றார்.

குவாரி ஆட்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அன்னிக்கு ஓடல்ல சார்."

முருகேசன். என்னைப் பார்க்காமல் சப்-கலெக்டரை மட்டும் பார்த்துக்கொண்டு முன்னால் வந்தான். "அன்னிக்கு வால்வு போயிடுச்சு. பத்து மணி வரிக்கும் நான்தான் ரிப்பேர் பண்ணிக்கினு இருந்தேன். அந்தக் குருவியும் இருக்குது சார். மெஷினுக்கு டீசல் ஊத்த நிறுத்தினா ஊத்தாண்ட தண்ணி குடிக்க வரும். நாலு வருஷமா பாத்துக்கினு இருக்கேன். அதுக்கு ஒரு பேரு இருக்குதுன்னுதான் தெரியாது." கொஞ்சம் நிறுத்தினான். "எங்கக்கா பொய் எழுத மாட்டா சார்."

மேனேஜர் அவனை முறைத்தார். அவன் திரும்பிப் போய்த் தன் ஆட்களோடு நின்றுகொண்டான். வேலையைப் பணயம் வைத்துப் பேசினான் என்பது எல்லாருக்கும் தெரியும். கண்ணீரை மறைக்க நான் பைனாகுலரைத் துடைத்தேன்.

அதற்குப் பிறகுதான் மேடத்தின் சாமர்த்தியம். குவாரியை மூடச் சொல்லி அவர் கேட்கவே இல்லை. மேனேஜரை டீக்கடைக்குக் கூட்டிப் போனார். தன் ஊரில் உழுத நிலத்தில் முட்டை வைக்கிற கண்கிளேடி என்ற பறவையைக் காப்பாற்ற, விவசாயிகளை ஒவ்வொருவராகத் தேடிப் போன கதையைச் சொன்னார். கூட்டைச் சுற்றிக் குச்சி நட்டு, டிராக்டரைக் கொஞ்சம் வளைத்து ஓட்டுங்கள் என்று மட்டும் கேட்பாராம். முதலில் நாயை விட்டு விரட்டியவர்களே, மூன்று வருஷத்தில் எங்கள் வயலில் கூடு வந்திருக்கிறது என்று அவருக்கு போன் போட்டார்களாம். "நீங்களும் கொஞ்சம் வளைச்சு ஓட்டுங்க சார்" என்றார்.

பேச்சு மூன்று வாரம் இழுத்தது. கடைசியில் வடபுறப் பள்ளமும் ஊற்றும் அதைச் சுற்றி ஒரு பட்டை நிலமும் குவாரிக்கு இல்லை என்று உத்தரவு வந்தது. தெற்கே ஆழப்படுத்திக்கொள்ளலாம். கூடு கட்டும் மாதங்களில் காலை ஒன்பது மணிக்கு முன்னால் மெஷின் போடக் கூடாது, கல் வெட்டும்போது தண்ணீர் தெளிக்க வேண்டும். நாயுடுவுக்கு முழுத் திருப்தி இல்லை. தூசி பாதிதான் குறைந்தது என்று இன்றைக்கும் சொல்வார். ஆனால் உத்தரவு வந்த வாரம் பஸ்ஸில் ஒரு கூடை மாம்பழம் ஆபீஸுக்கு வந்தது. பாத்திரக் கடைக்காரருக்கும் பங்கு போட்டோம்.

முருகேசனுக்கு வேலை போகவில்லை. அவனைப் போல வால்வு மாற்றத் தெரிந்த ஆள் அந்தப் பக்கம் கிடையாது. உத்தரவு வந்து பத்து நாள் கழித்து அவனே போன் செய்தான்.

"அக்கா."

"சொல்லுடா."

"அந்த ஜோடி மறுக்கா கூடு கட்டிச்சு, அந்தக் குஞ்சு வெளிய வந்துச்சு. மூணு. ஒண்ணு பறக்கத் தெரியாம என் டிபன் பாக்ஸ் மேல வந்து குந்திக்கினு இருக்குது. நான் எப்படி சோறு துன்றது?"

தெற்கில் குவாரி இன்னும் ஆறு வருஷம் ஓடியது. கல்லில் வெடிப்பு விழுந்து விலைபோகாமல் ஆனதும் அவர்களே விட்டுப் போனார்கள். முருகேசன் விசில் ஊதப் போகவில்லை. இப்போது ஸ்ரீ சிட்டியில் பெரிய கிரேன் ஓட்டுகிறான். ஹில்டா மேடம் ஊருக்குப் போய்விட்டார். எண்பதைத் தாண்டிவிட்டார். நான் அனுப்புகிற பறவைப் பட்டியல்களில் இன்னும் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புகிறார்.

அந்தப் பெண்கள் போன் செய்த மறுவாரம் முருகேசனுக்கு லீவு. இரண்டு பேரும் கரடிப்பாறைக்குப் போனோம். வடபுறத்தில் கல்லத்திகள் நன்றாகப் பருத்துவிட்டன. ஆனால் ஊற்று வற்றிப்போயிருந்தது, இந்த வருஷம் மழை சரியில்லை. அரை மணி நேரம் நின்றும் ஒரு சின்னான்கூடக் கேட்கவில்லை. பூஜ்ஜியம் போடப் பென்சிலை எடுத்தேன்.

"இந்தாண்ட வா" என்று அவன் என்னை மலையைச் சுற்றி தெற்கே கூட்டிப் போனான். பழைய குவாரிக் குழியில் போன வருஷத்து மழைத் தண்ணீர் இடுப்பளவு தேங்கிப் பச்சையாகக் கிடந்தது. வெட்டின பாறையின் விளிம்பில் வரிசையாக ஐந்து மஞ்சள்தொண்டைச் சின்னான்கள். ஒவ்வொன்றாக இறங்கி, குனிந்து, தண்ணீர் குடித்துவிட்டு மேலே ஏறிக் கத்தின.

நான் எண்ணி முடிக்கும்வரை முருகேசன் காத்திருந்தான். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மெதுவாக, குருவிகளுக்குக் கேட்டுவிடாத குரலில் சொன்னான்.

"இந்தக் குழி நான் தோண்டினதுதான்க்கா."